உத்தரத்தில் அறைந்த ஆணி

நான் பஸ்ஸால் இறங்கியது பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில்தான். ஆனால் ஜெர்மனியின் ஐஃபல் மலைப்பக்கத்தில் நவம்பர் மாதம் என்றால் அந்த நேரத்துக்கே இருட்டு வந்து குந்திவிடும். லோர்பாஹ் என்ற அந்த ஊருக்கு ஒரே ஒரு தெரு. இரண்டு பக்கமும் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாகப் பழங்காலத்து வீடுகள். தெரு முடிகிற இடத்தில் ஓர் ஓடை, ஓடைக்கரையில் கம்பளி மில். ஈர ஆட்டுமயிரின் மணம் பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்து மூக்கில் ஏறியது.

ஒரு சூட்கேஸ், ஒரு சோற்றுப்பானை, ஒரு பிள்ளையார் படம். நாற்பதைத் தாண்டிய இந்த வைதேகியின் சொத்து அவ்வளவுதான். மில்லில் நூல் நூற்கும் யந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. வேலையோடு மில்லின் முதல் மாடியில் இரண்டு அறை வீடும் தந்தார்கள்.

அந்த இரண்டாவது அறைக்காகத்தான் வந்தேன். என் மகள் ஆரணி ஹம்பேர்க்கில் தகப்பனோடு இருந்தாள். கையை நீட்டுகிற மனிதன் என்று நான் அவரை விட்டு வெளியேறியபோது எனக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. ஆகவே பிள்ளையும் இல்லை என்றாகிவிட்டது. நிரந்தர வேலையும் அவளுக்கென்று ஓர் அறையும் இருந்தால் அவள் என்னோடு வரலாம் என்று யூகன்ட்அம்ட்டில், அதாவது பிள்ளைகளின் விஷயம் பார்க்கிற அலுவலகத்தில், சொல்லியிருந்தார்கள். தை மாதம் வந்து வீட்டைப் பார்ப்பார்களாம். அதுவரைக்கும் நான் இங்கே நின்றுபிடிக்க வேண்டும்.

மில் வாசலில் டெல்சி நின்றாள். மன்னார்ப் பிள்ளை. மில்லில் கம்பளி கழுவுகிறவள். ஆம்பிளைப் பிள்ளை மாதிரித் தலையை ஒட்ட வெட்டியிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் பின்னலைத்தான் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, உங்களுக்கு இவ்வளவு தலைமயிரோ?"

"ஏன், இஞ்ச தலைமயிருக்கு வரி கட்டோணுமோ?"

அவள் சிரிக்கவில்லை. "உள்ளுக்கு வாங்கோ. வெளியில நிண்டு கதைக்கிற கதையில்லை" என்றாள்.

மாடிப்படிச் சுவரில் ஒரு பழைய படம் தொங்கியது. மில்லில் வேலை செய்த பெட்டைகள் வரிசையாக நின்றார்கள். எல்லாரின் தலையிலும் வெள்ளைத் துணி. நடுவில் தடித்த ஒரு மனிதன், வாயில் புகையிலைக் குழாய்ச் சுங்கான், விரலில் பெரிய மோதிரம். அவன்தான் அந்தக் காலத்துக் கங்காணியாம். அந்த மோதிரக் கை பக்கத்தில் நின்ற பெட்டையின் தோளில் கிடந்தது. எல்லாப் பெட்டைகளும் கமராவைப் பார்க்க, அவள் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவள்தான் லீனா" என்றாள் டெல்சி. "நூறு வருசத்துக்கு முந்தி நூல் அறையில செத்தவள். பெல்ற் தலைமயிரை இழுத்திட்டுது. அண்டையில இருந்து அந்த அறையில ஆர் வேலை செய்தாலும் தலைத்துணியைப் பிடிச்சு அவிழ்க்கிறாள் அக்கா. ஒருத்தியும் நிண்டுபிடிக்கேல்லை. அதுதான் நான் கழுவுற பக்கம் மாறி, மயிரையும் வெட்டினனான்."

"நான் வெட்டமாட்டன்."

"அக்கா..."

"குண்டு போட்டவனுக்குப் பயந்து ஊரை விட்டனான். மனுசனுக்குப் பயந்து ஹம்பேர்க்கை விட்டனான். இனிச் செத்தவளுக்கும் பயந்து எங்க ஓட? ஏலாது. வேணுமெண்டால் அவள் ஓடட்டும்."

சொல்லும்போது நல்ல துணிவாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லி முடிய, மேலே பூட்டிக் கிடந்த நூல் அறைக்குள் ஏதோ ஒன்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்ற சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

நூல் அறையில் கூரைக்குக் கீழே நீளமான இரும்புத் தண்டு ஒன்று ஓயாமல் சுழலும். அதைத் தாங்குவது ஆளின் இடுப்பு மொத்தத்தில் ஓர் ஓக் மர உத்தரம். தண்டிலிருந்து அகலமான தோல் பெல்ற்றுகள் இறங்கி யந்திரங்களை ஓட்டும். இந்தக் காலத்துச் சட்டப்படி பெல்ற்றைச் சுற்றிக் கம்பி வலை அடித்து, அதற்கொரு கதவும் வைத்து, கொளுக்கி போட்டிருந்தார்கள். மரத்தரை முழுவதும் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. நூலை இழுத்து முறுக்குகிற யந்திரத்தின் நீண்ட வண்டி முன்னுக்கும் பின்னுக்கும் போய்வரும்போது அறையே மூச்சு வாங்குவது போலிருக்கும்.

முதல் கிழமையிலேயே தொடங்கிவிட்டது.

பின்னலைக் கொண்டையாகச் சுருட்டி, துணியை இறுக்கிக் கட்டி, முடிச்சை இரண்டு முறை போட்டிருந்தேன். வெளிச்சம் மங்குகிற நேரம். எங்கிருந்தோ புகையிலை மணம் வந்தது. பழசு, புளிச்சது. பிடரியில் ஏதோ சூடாகப் பட்டது. முடிச்சு அவிழ்ந்தது. தானாக நழுவியிருந்தால் எனக்குத் தெரியாதா? ஆறுதலாக, ரசித்து அவிழ்ப்பது போல் அவிழ்ந்தது. கொண்டை கலைந்து பின்னல் முதுகில் விழுந்தது.

அடுத்த கணம் சவர்க்கார மணம் ஒன்று குப்பென்று அடித்தது. கம்பளி கழுவுகிற அந்தக் கட்டிச் சவர்க்காரம். பெல்ற் சில்லிலிருந்து கழன்று தொப்பென்று விழ, யந்திரம் நின்றுவிட்டது.

ஒவ்வொரு முறையும் அப்படியேதான். முதலில் புகையிலை, துணி அவிழும். பிறகு சவர்க்காரம், பெல்ற் கழரும். இரண்டும் ஒருத்தியின் சேட்டைதான் என்று நான் நினைத்தேன். எனக்கு வந்தது பயமா, கோபமா? இரண்டும்தான். ஆனால் கோபம் ஒரு பிடி கூட.

முதலாளி ரைனார்ட்ஸ் அம்மா நல்ல மனுசி. ஆனாலும் யந்திரம் நாளுக்கொரு தரம் நின்றால் எத்தனை நாள் பொறுப்பாள்? "கம்பளிப் போர்வைகள் நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு போக வேண்டும், வைதேகி. இல்லாவிட்டால் தை மாதம் நான் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும்" என்றாள். தை மாதம்! அலுவலகத்தில் இருந்து வீடு பார்க்க வருகிற அதே மாதம். அன்று பின்னேரம் ஆரணி கோல் எடுத்தாள்.

"அம்மா, நத்தார் லீவுக்கு வாறன். என்ர அறையில ஜன்னல் இருக்கோ?"

"ஓம் குஞ்சு, இருக்கு. ஓடை தெரியும்."

போனை வைத்துவிட்டு நான் ஆணி தேடப் போனேன்.

எங்கள் பக்கத்தில் பேய் பிடித்தவளின் உச்சி மயிரில் ஒரு கொத்தை முடிந்து, மரத்தில் வைத்து ஆணி அறைந்து, மயிரை அறுத்துவிடுவார்கள். ஆள் போய்விடுவாள், பேய் மரத்தோடு நின்றுவிடும். இங்கே அவள் பிடிப்பது என் தலையைத்தானே? அடுத்த நாள் காலை, வேலை தொடங்கமுதல், ஏணியை வைத்து ஏறினேன். உச்சியில் ஒரு கொத்து மயிரை வெட்டி முடிந்தேன், குங்குமம் தடவினேன், இரும்பு ஆணியோடு உத்தரத்தில் வைத்தேன். டெல்சி ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள்.

"அக்கா, ஆர் எண்டு வடிவாத் தெரியாமல் கட்டாதேங்கோ."

"ஊருக்கே தெரியும் ஆர் எண்டு. ஏணியை ஆட்டாமல் பிடி."

சுத்தியலை ஓங்கினேன். "இந்தா பார் பிள்ளை, உன்னில எனக்குக் கோபமில்லை. ஆனால் என்ர பிள்ளைக்கு வழி விடு. இனி இந்த மரத்தோட கிட."

முதல் அடி.

சவர்க்கார மணம் அறை முழுக்க எழுந்தது.

இரண்டாவது அடி.

உத்தரத்துக்குள்ளிருந்து சின்னதாக ஒரு விம்மல்.

நான் மூன்றாவது அடியையும் போட்டேன். மணம், விளக்கை ஊதி அணைத்தது போல் இல்லாமல் போனது. டெல்சி சிலுவை போட்டுக்கொண்டாள். "அழுதது அக்கா. உங்களுக்கும் கேட்டது தானே?" என்று குசுகுசுத்தாள். எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு பெல்ற் ஒருநாளும் கழரவில்லை. யந்திரம் பாட்டுக்கு ஓடியது. போர்வைகள் முடிந்தன. ரைனார்ட்ஸ் அம்மா எனக்கு ஒரு போத்தல் வைன் தந்தாள். துணி மட்டும் சிலவேளை தளரும். புகையிலை மணம் முந்தியதைவிடக் கிட்டத்தில், சில நேரம் காதோரத்தில் வரும். பேய் கட்டுண்ட பிறகும் வருகிற மணம் பழைய மரத்தின் மணமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். பெல்ற் ஓடுகிறதே, அது போதாதா?

ஆரணி நத்தாருக்கு முதல்நாள் வந்தாள். என் பிள்ளையின் மயிர் இடுப்புக்குக் கீழே. பதினைந்து வயதிலும் வெட்ட விடமாட்டாள். அறையைப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து ஓடையைப் பார்த்தாள், கட்டிலில் விழுந்து உருண்டாள். "அம்மா, இது உண்மையா எனக்கோ?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னேரம் யந்திரம் பார்க்க வேண்டும் என்று நின்றாள். டெல்சியும் மேலே வந்தாள். நானே அவளின் மயிரைக் கொண்டை போட்டுத் துணியை இறுக்கிக் கட்டினேன். கம்பிக் கதவின் கொளுக்கியை ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். யந்திரத்தை ஓட விட்டேன்.

வண்டி முன்னுக்கு வந்தது. பின்னுக்குப் போனது. வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆரணி நூலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

புகையிலை மணம் வந்தது.

இந்த முறை அது என்னிடம் வரவில்லை.

ஆரணியின் பிடரியில் துணி அமுங்கியது. நான் என் கண்ணால் பார்த்தேன். வெள்ளைத் துணியில் குழி விழுந்தது. ஒரு குழி, இன்னொரு குழி. விரல்கள். தடித்த விரல்கள். ஒரு விரலின் அடியில் வட்டமாக, அகலமாக, ஒரு மோதிரத்தின் அச்சு.

அது பெட்டையின் கை அல்ல.

முடிச்சு ஆறுதலாக அவிழ்ந்தது. மயிர் சரிந்தது. சரிந்த மயிர் கீழே விழவில்லை. யாரோ கையில் ஏந்திப் பிடிப்பது போல் காற்றில் கிடையாக எழும்பியது.

"அம்மா, ஆரோ பிடிக்கினம்" என்றாள் ஆரணி. மெதுவாகத்தான் சொன்னாள்.

கம்பிக் கதவு திறந்து கிடந்தது.

அவளின் மயிர் நுனி பெல்ற்றை நோக்கிப் போனது. நான் பாய்ந்து அதைப் பிடித்தேன். அந்தப் பக்கம் இழுத்த பலம் ஒரு மாட்டின் பலம். டெல்சி ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். மோட்டார் அணைந்தது. ஆனால் இரும்புத் தண்டு சுழன்றது. மோட்டார் இல்லாமலே, முந்தியதைவிட வேகமாகச் சுழன்றது.

பெல்ற் கழரும் என்று பார்த்தேன். கழர வேண்டுமே! ஒவ்வொரு முறையும் கழருமே!

கழரவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவிழ்த்தவன் ஒருவன், படத்தில் நின்ற அந்த மோதிரக் கங்காணி. காப்பாற்றினவள் இன்னொருத்தி, லீனா. நூறு வருசமாக அவன் ஒவ்வொரு பெட்டையின் தலையிலும் கை வைக்க வைக்க, அவள் பெல்ற்றைத் தள்ளித் தள்ளி விழுத்திக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளைத்தான் நான் ஆணி அடித்து மரத்தில் கட்டிவிட்டேன். பாவி, என் கையாலேயே கட்டிவிட்டேன்.

"டெல்சி, பிள்ளையை இடுப்பில பிடி! விடாத!"

டெல்சி ஆரணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினாள். நான் மூலையில் நின்ற ஏணியை இழுத்து வைத்து ஏறினேன். சுத்தியல் கீழே எங்கேயோ கிடந்தது. ஆணித் தலையை விரலால் பிடித்தேன். வரவில்லை. நகம் பிய்ந்தது. ஆரணியின் அலறல் காதைக் கிழித்தது. எட்டிப் பல்லால் கடித்து ஆட்டினேன். வாயெல்லாம் இரும்பும் இரத்தமும். ஆணி அசைந்தது.

"வா பிள்ளை! நான் விசரி, ஆள் தெரியாமல் கட்டிப்போட்டன். என்னை என்னவும் செய். என்ர பிள்ளையை விட்டிடாத, வா!"

ஆணி கழன்று கீழே விழுந்தது.

சவர்க்கார மணம்.

பெல்ற் சில்லிலிருந்து தெறித்தது. இந்த முறை தொப்பென்று விழவில்லை. சவுக்கு மாதிரிச் சுழன்று வந்து, ஆரணியின் பின்னால், ஒருவரும் நிற்காத இடத்தில், எதிலோ ஓங்கி அடித்தது. ஓர் ஆம்பிளை முனகல் கேட்டது. ஆரணியின் மயிர் தளர்ந்து விழுந்தது. தலைத்துணி காற்றில் ஒரு கணம் நின்றுவிட்டுத் தரையில் விழுந்தது. தண்டு கிறீச்சிட்டு நின்றது.

நான் இறங்கி வந்து என் பிள்ளையை வாரி எடுத்தேன். உச்சியில் கொஞ்ச மயிர் பிடுங்குப்பட்டு இரத்தம் கசிந்தது, வேறொன்றும் இல்லை. வாழ்க்கையில் நான் அறிந்த அத்தனை தூஷணத்தையும் அந்த மூலையைப் பார்த்துக் கொட்டினேன். "எளிய நாயே, கட்டையில போயும் உன்ர கொழுப்பு அடங்கேல்லையோ? பெட்டையளின்ர தலையில கை வைக்கவோ நீ இன்னும் நிக்கிறாய்?" டெல்சி தடுக்கவில்லை. அவளும் மன்னார்த் தமிழில் இரண்டு சேர்த்துவிட்டாள்.

பிறகு வீட்டுக்குப் போய், நான் சூட்கேஸை எடுத்து ஆரணியின் உடுப்பை அடுக்கத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நேரம் என் துணிவு செத்துவிட்டது. வீடும் வேண்டாம், வேலையும் வேண்டாம், பிள்ளை உயிரோடு ஹம்பேர்க்கில் இருந்தால் போதும்.

ஆரணி என் கையைப் பிடித்தாள். 

"அங்கயும் கை நீட்டுற ஆள்தானே அம்மா இருக்கிறார்?" என்றாள். "எப்பவும் நாங்கள்தான் வெளிக்கிடோணுமோ? அவன் அடங்கட்டும். இது என்ர அறை."

நான் சூட்கேஸை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மூன்று பேரும் திரும்ப நூல் அறைக்குப் போனோம். தரையில் கிடந்த தலைத்துணியில் அந்த விரல் அச்சு அப்படியே இருந்தது, மஞ்சளாக, புகையிலைக் கறை மாதிரி. டெல்சி அதைக் குறட்டால் தூக்கினாள். "அக்கா, இந்த முறை ஆர் எண்டு வடிவாத் தெரியும்" என்றாள்.  துணியை நாலாக மடித்து, அதே உத்தரத்தில் வைத்து, அதே ஆணியை அடித்தோம். ஆளுக்கொரு அடி. ஆரணியின் அடிதான் பலமாக விழுந்தது. மரத்துக்குள் யாரோ மூச்சுத் திணறுவது போல் கேட்டது. கேட்டுக்கொண்டே அடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மில் பார்க்க ஆட்கள் வருவார்கள். வோல்டர்ஸ் என்ற பென்சன் எடுத்த வாத்தியார் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கதை சொல்வார். நத்தார் முடிந்த ஞாயிறு, படிக்கட்டுப் படத்துக்கு முன்னால் நின்று வழக்கம்போல் தொடங்கினார். "இவள் லீனா. அழகி. யாரோ ஒரு பொடியனுக்குக் காட்டத் தலைத்துணியை அவிழ்த்தாள். அந்த வீண் பெருமைக்கு உயிரைக் கொடுத்தாள்."

"இல்லை" என்றேன் நான்.

எல்லாரும் திரும்பினார்கள். ரைனார்ட்ஸ் அம்மாவும் நின்றாள். என் ஜெர்மன் அவ்வளவு வடிவில்லை. அதற்காக வாயைப் பொத்த வேண்டுமா?

"அவள் அவிழ்க்கவில்லை. அந்த அறையில் அப்போது வேறு யார் இருந்தது?"

"கங்காணி மட்டும்தான்" என்றார் வோல்டர்ஸ். "அவர்தான் கண்ணால் பார்த்தவர். அவர் சொல்லித்தானே ஊருக்கே..." அவர் சொல்லிக்கொண்டு வந்ததை நிறுத்திவிட்டுப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த கையைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்து நின்ற பெட்டையைப் பார்த்தார். 

"இனி அந்தக் கதையை இந்த மில்லில் சொல்லக் கூடாது" என்றேன். "வேலையை விட்டு நிற்பாட்டினாலும் நான் சொல்லுவேன்."  வோல்டர்ஸ் அதற்குப் பிறகு அந்தக் கதையைச் சொல்லவில்லை.

தை மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அறையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், ஆரணியோடு தனியாகக் கதைத்தாள். இப்போது என் பிள்ளை என்னோடு இருக்கிறாள். மயிரை வெட்டவில்லை. நானும் வெட்டவில்லை. டெல்சிக்குத்தான் இப்போது கழுத்து வரை வளர்ந்திருக்கிறது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஒவ்வொரு காலையும் அந்த ஆணி கொஞ்சம் வெளியே வந்திருக்கும். உள்ளே இருந்து யாரோ தள்ளுகிற மாதிரி. நான் ஏணியில் ஏறி, நாலு பேச்சுப் பேசி, திரும்ப அடித்துவிட்டுத்தான் யந்திரத்தைத் தொடுவேன். பல் விளக்குகிற மாதிரி அதுவும் ஒரு வேலை.

போன கிழமை பனி கொட்டியது. ஆரணியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்ப நேரம் போய்விட்டது. டெல்சிக்கு லீவு. மில்லின் திறப்பு என் பையில் இருந்தது. கதவைத் திறந்து படியில் கால் வைத்தபோது மேலே சுத்தியல் சத்தம் கேட்டது.

டொக். டொக்.

மேலே போனேன். ஒருவரும் இல்லை. ஏணி சுவரோடு சாத்தியபடி கிடந்தது. ஆணி தலை வரைக்கும் மரத்துக்குள் இறங்கியிருந்தது. சுத்தியலைத் தூக்கினேன். பிடி சவர்க்காரத் தண்ணீரில் நனைந்து, கை பட்ட சூடு ஆறாமல் இருந்தது. அதைச் சுற்றிப் பொன் நிறத்தில் நீளமான ஒரு தலைமயிர், அழகாகச் சுற்றி முடிச்சுப் போட்டபடி.

சுத்தியலை இறுக்கிப் பிடித்தேன். 

"சரி பிள்ளை" என்றேன். "நாளைக்கு என்ர முறை."

உத்தரத்துக்குள்ளே ஓர் ஆம்பிளை இருமினான்.

நான் ஏணியை வைத்து ஏறி, இன்னும் ஓர் அடி போட்டேன்.